மிஞ்சிய மூன்று கிராம்

ஐயா,

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. ‘3 கிராம் மக்னீசியத்தை 5 கிராம் ஆக்சிஜனில் எரித்தால் எவ்வளவு மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும்?’ என்ற கேள்விக்கு 8 கிராம் என்று எழுதி மதிப்பெண்ணை இழந்துவிட்டான். இத்தகைய கணக்குகளுக்குக் குறுக்குவழி உண்டா? டியூஷனில் சேர்க்கலாமா?

க.

அன்புள்ள க.,

டியூஷன் உங்கள் விருப்பம். குறுக்குவழியை மட்டும் கேட்காதீர்கள், கோபம் வருகிறது. மக்னீசியமும் ஆக்சிஜனும் எடையில் 3:2 என்றுதான் சேரும். ஆகவே ஆக்சைடு 5 கிராம். 3 கிராம் ஆக்சிஜன் மிச்சம். அவ்வளவுதான் மாறா விகித விதி. மிச்சத்தையும் சேர்த்தால் கலத்துக்குள் இருப்பது 8 கிராமே. பிள்ளை அதைத்தான் எழுதியிருக்கிறான். திட்டியிருந்தால் இன்றே சமாதானப்படுத்துங்கள்.

சென்ற வாரம் பரணில் என் பழைய செய்முறைப் பதிவேடு கிடைத்தது. அதே சோதனை. 0.30 கிராம் மக்னீசிய நாடாவை மூசையில், அதாவது சூடு தாங்கும் சிறு கிண்ணத்தில், வைத்து எரித்தோம். ஆர்வத்தில் மூடியை அடிக்கடி திறந்தேன்; வெண்புகை போய்விட்டது. அந்தப் புகையே ஆக்சைடு. தராசு 0.46 காட்டியது. ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து 0.50 என்று எழுதச் சொன்னார். எழுதினேன். பத்துக்குப் பத்து. அந்தப் பத்து இன்றும் உறுத்துகிறது.

இந்த விதியைக் கண்ட ஜோசப் ப்ரூஸ்ட், ஸ்பெயினில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். டால்டனின் அணுக்கொள்கை அப்போது வரவில்லை; சரிபார்க்க வேதி வாய்பாடு கிடையாது, தராசு மட்டும்தான். செம்பை அமிலத்தில் கரைத்துக் கார்பனேட்டாக வீழ்படிய, அதாவது கரைசலிலிருந்து பிரிந்து அடியில் படிய, வைத்தார். 100 பவுண்டு செம்புக்கு எப்போதும் 180 பவுண்டு பச்சைக் கார்பனேட் என்று 1799இல் எழுதினார். மண்ணில் விளைந்ததும் ஆய்வகத்தில் செய்ததும் சேர்மானத்தில் ஒன்றே என்றார். பெர்த்தொலே போன்ற பெரிய அறிஞர் மறுத்தும் அசையவில்லை.

இன்றைய வாய்பாட்டின்படி அந்த 180 சுமார் 174தான் வர வேண்டும். என் ஆசிரியர் கையில் கிடைத்திருந்தால் அதையும் சிவப்பு மையால் அடித்திருப்பார்! ப்ரூஸ்ட் கண்டது 180 என்ற எண்ணை அல்ல, அது திரும்பத் திரும்ப மாறாமல் வந்ததை. விடையை முதலில் எழுதிவிட்டு எடையை அதற்கேற்பத் திருத்துகிறவன் அதை ஒருநாளும் காண மாட்டான். பிள்ளைகளுக்கு இதைத்தான் பழக்குகிறோம். பொய்யெழுதப் பழக்குகிறோம், க.!

பள்ளியில் அந்தச் சோதனையைச் செய்யும்போது சுடரை நேராகப் பார்க்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். தராசு காட்டியதைப் பேனாவால் எழுதட்டும். எவ்வளவு வந்தது என்று எனக்கும் தெரிவியுங்கள்.