எலுமிச்சம்பழம் பொது, திருஷ்டிக் கதை அவருடையது

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். ஐ.டி. வேலை, சனி ஞாயிறுகளில் பிறந்தநாள் விழாக்களில் மேஜிக் ஷோ. அல்சூரில் ஒரு கிரகப்பிரவேசத்தில் மூத்த மேஜிஷியன் ஒருவர் செய்த ஐட்டத்தைப் பார்த்தேன். வீட்டுக்காரரின் ஐந்நூறு ரூபாய் நோட்டை வரிசை எண் குறித்துக்கொண்டு மறைய வைத்தார். பிறகு வாசலில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்து, அதற்குள்ளிருந்து அதே நோட்டை எடுத்தார். 'கண்ணு பட்டது வீட்டு மேல இல்ல சார், உங்க பர்ஸு மேல' என்பது அவர் வசனம். செய்முறையைப் புத்தகம் வாங்கிப் படித்துக் கற்றேன். சில மாதங்களாக அதே கதையோடு செய்கிறேன். இப்போது அவர் போனில், 'அது என் ஐட்டம், பேட்டன்ட் இருக்கு, கேஸ் போடுவேன்' என்கிறார். ஒரு ஈவன்ட்காரரிடமும் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் இருப்பதைச் செய்ய யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பதில்: யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் நீங்கள் செய்வது புத்தகத்தில் இருப்பது மட்டும் இல்லையே. திருஷ்டி புத்தகத்தில் இருந்ததா?

நோட்டை எலுமிச்சம்பழத்துக்குள் வரவழைப்பது பழைய வித்தை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எமில் ஜாரோ என்பவர் அமெரிக்க மேடைகளில் இதை வைத்தே பேர் வாங்கினார். அதற்கப்புறம் எத்தனையோ பேர் செய்துவிட்டார்கள். ஆகவே 'எலுமிச்சம்பழமே என்னுடையது' என்று அந்த அண்ணன் சொன்னால் அது செல்லாது. வாசலில் தொங்கும் பழத்தை எடுத்தது, கண்ணேறு பர்ஸுக்குப் போனது, அந்த வசனம், இதெல்லாம் அவர் யோசித்தது. நீங்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

வெளியில் இருப்பவர்கள் ரகசியத்தைத்தான் மேஜிஷியன்கள் பொத்திப் பாதுகாக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். ரகசியம் கடையில் கிடைக்கிறது, புத்தகத்தில் கிடைக்கிறது. மேஜிஷியன்களுக்குள் சண்டை பெரும்பாலும் பேட்டர் (வித்தையோடு சொல்லும் பேச்சு), காமெடி, எதற்குப் பின் எது வருகிறது என்கிற வரிசை இவற்றின் மேல்தான். காரணம் எளிது. இந்திராநகர், ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு என்று எங்கே போனாலும் அதே சில ஈவன்ட்காரர்கள், அதே அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸ்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு பிறந்தநாளுக்குப் போகிறார்கள். போன வாரம் உங்கள் ஷோவைப் பார்த்த பையன் இந்த வாரம் அவர் பழத்தைக் கையில் எடுக்கும்போதே 'அங்கிள், நோட்டு லெமன்ல இருக்கு!' என்று கத்துவான். அவர் வருஷக்கணக்கில் செதுக்கிய பத்து நிமிஷம் அங்கேயே போச்சு. கூட்டத்தின் கண்ணில் காப்பியடித்தவரும் அவர்தான். போனில் அவர் காட்டிய கோபத்துக்கு இதுதான் அடிப்படை என்பது என் ஊகம்.

பேட்டன்ட் விஷயத்தை நான் நம்பவில்லை. பேட்டன்ட் வேண்டுமானால் செய்முறையை விவரமாக எழுதிக் கொடுக்க வேண்டும், அது பொது ஆவணமாகிவிடும். ஹொரேஸ் கோல்டின் பெண்ணை இரண்டாக அறுக்கும் வித்தைக்கு 1923-இல் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கினார். 1933-இல் ஒரு சிகரெட் கம்பெனி அந்த வித்தை எப்படி நடக்கிறது என்று விளம்பரத்திலேயே போட்டது. வழக்குப் போட்டார், 1938-இல் தோற்றார். இதைத் தெரிந்த எந்த மேஜிஷியனும் பேட்டன்ட் ஆபீஸ் பக்கம் போக யோசிப்பார்.

காப்பிரைட் வேறு கதை, அங்கே அவருக்குக் கொஞ்சம் பிடி இருக்கிறது. கருத்துக்கு உரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு நாடக ஆசிரியர் சினிமாக்காரர்கள் மேல் தொடுத்த வழக்கு அது, அவர் தோற்றார். ஆனால் நம் 1957 சட்டத்தில் நாடகப் படைப்பு என்றால் பேசாமல் நடித்துக்காட்டுவதும், நடிப்பின் அமைப்பும் அடங்கும். எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக அவரிடம் ஸ்கிரிப்டோ பழைய வீடியோவோ இருந்தால் 'கேஸ்' என்பது வெறும் மிரட்டல் இல்லை. அமெரிக்காவில் டெல்லர் என்கிற மேஜிஷியன் இப்படித்தான் ஜெயித்தார். ரோஜாவின் நிழலைக் கத்தியால் வெட்ட, நிஜ ரோஜாவின் இதழ்கள் உதிரும். அதை அவர் 1983-இல் நாடகப் படைப்பாகப் பதிவு செய்திருந்தார். 2012-இல் ஐரோப்பிய மேஜிஷியன் ஒருவர் அதேபோலச் செய்து யூடியூபில் போட்டு விற்கப் பார்த்தார். வித்தைக்குக் காப்பிரைட் இல்லை, இந்த நாடகத்துக்கு உண்டு என்று 2014-இல் தீர்ப்பு வந்தது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், வக்கீல்கள் எடுத்துக்காட்டாமல் விட மாட்டார்கள்.

இன்னொன்று. நம் சட்டம் 'நிகழ்த்துபவர்' பட்டியலில் செப்பிடுவித்தைக்காரரை வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது, அடுத்த பேரே பாம்பாட்டி! அதனால் அவர் ஷோவை அனுமதியின்றிப் படம் பிடித்து வெளியிடக் கூடாது, அந்த உரிமை 50 வருஷம் நிற்கும். அவர் ஷோவை உங்கள் போனில் எடுத்து வைத்திருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். திருஷ்டிக் கதையோடு நீங்கள் போட்ட ரீல்ஸ் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அவருக்கு நீங்களே போன் போடுங்கள், வாட்ஸாப் மெசேஜ் வேண்டாம். 'அண்ணே, வித்தை பழசு, கதை உங்களுது. கதையை நிறுத்திட்டேன், பழத்தை என் பாணியில பண்ணிக்கிறேன்' என்றால் போதும். எலுமிச்சம்பழத்தையே விடச் சொன்னால் மரியாதையாக மறுத்துவிடலாம். ஒரே மேடையில் இருவருக்கும் ஷோ இருந்தால் மட்டும் அன்றைக்கு அதை அவருக்கு விட்டுக்கொடுங்கள். கதை கட்டாயம் வேண்டும் என்று தோன்றினால் அனுமதி கேளுங்கள், பணம் கேட்டால் பேசுங்கள். பல சீனியர்கள் நேரில் வந்து கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

உங்களிடம் பேசித் தீர்ப்பதற்குள் ஈவன்ட்காரரிடம் போனது அவர் பக்கத் தப்பு. அதை இந்தப் பேச்சில் இழுக்காதீர்கள். ஈவன்ட்காரரிடம் நீங்களே போய், ஐட்டத்தை மாற்றிவிட்டேன் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

புதுக் கதைக்கு ஒரு யோசனை: இன்று கையில் நோட்டு வைத்திருக்கிற அப்பாவைத் தேடுவதே பாதி காமெடி. க்யூஆர் கோடுக்குப் பயந்து பழத்துக்குள் ஒளிந்துகொண்ட நோட்டு என்று ஆரம்பித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் எழுதி, தேதி போட்டு, ஒரு முழு ஷோவை வீடியோ எடுத்து வையுங்கள். பதிவு கட்டாயமில்லை. வேண்டுமானால் 500 ரூபாய் கட்டணத்தில் காப்பிரைட் அலுவலகத்தில் பதியலாம். அவர் அப்போதும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் புத்தகம் வாங்கிய பில்லோடு ஒரு வக்கீலைப் பாருங்கள்.