பாசிட்டிவ் என்றாலே நோயா?

கேள்வி: கண் அறுவை சிகிச்சைக்கு முன் செய்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹெபடைட்டிஸ் சி ‘பாசிட்டிவ்’ என்று வந்துள்ளது. உடலில் எந்தத் தொந்தரவும் இல்லை. உடனே சிகிச்சை தொடங்க வேண்டுமா?

பதில்: உங்களுக்குச் செய்தது பெரும்பாலும், வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பானை (ஆன்டிபாடி) தேடும் பரிசோதனையாகத்தான் இருக்கும். கல்லீரலைத் தாக்கும் அந்த வைரஸ் எப்போதோ உடலில் நுழைந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். மருந்தில்லாமலே வைரஸ் நீங்கிவிட்டவர்களுக்கும், சிகிச்சையில் குணமானவர்களுக்கும்கூட அது பாசிட்டிவாகவே காட்டும். எனவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, வைரஸ் இப்போது ரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் ஆர்.என்.ஏ. பரிசோதனையை.

அதில் வைரஸ் இருப்பது உறுதியானால், தொந்தரவு இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். கல்லீரல் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் கெடக்கூடியது. முன்பிருந்த ஊசிகளின் கடும் பக்கவிளைவுகளைக் கேள்விப்பட்டுப் பலர் இன்னமும் அஞ்சுகிறார்கள். இன்றைய மாத்திரைகள் பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைக் குணப்படுத்துகின்றன.

மாத்திரை தொடங்கும் முன், கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்பதையும், ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். சி அடங்கும்போது பி தலைதூக்கக்கூடும். வலிப்பு, இதயத்துடிப்பு, கொழுப்பு, நெஞ்செரிச்சல் ஆகியவற்றுக்கான சில மருந்துகள் இவற்றோடு ஒத்துப்போகாது என்பதால், நீங்கள் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துச் சென்று காட்டுங்கள்.

சிகிச்சை முடிந்து 12 வாரங்கள் கழித்து மீண்டும் ஆர்.என்.ஏ. பார்த்தே குணமானதை உறுதிசெய்வார்கள். சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை, இருந்தால், அதன் பிறகும் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடரும்.