கூரை வாடகை

அன்புள்ள ஐயா,

தொண்ணூறுகளின் மாஸ்கோவைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘சோல்ன்ட்சேவோ கும்பல்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். ரஷ்ய மாஃபியா என்பது ஒரே தலைவரின் கீழ் இயங்கும் அமைப்பா? சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு வேலையிழந்த உளவுத்துறைக்காரர்கள் உருவாக்கியது என்கிறார் என் நண்பர். நான் பார்த்த தொடர்களிலோ எல்லாரும் உடம்பு முழுக்கப் பச்சை குத்திய சிறைப்பறவைகள். எது சரி?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

ஒரே தலைவர் என்று எவரும் இருந்ததில்லை. உங்கள் நண்பர் சொல்வதில் கால்பங்கு உண்மை இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பெயர்களைக் கவனியுங்கள். நியூயார்க்கின் இத்தாலியக் கும்பல்களுக்கு காம்பினோ, ஜெனோவேசே என்று தலைவர்களின் குடும்பப் பெயர். ரஷ்யாவில் பெரும்பாலும் பேட்டையின் பெயர். சோல்ன்ட்சேவோ மாஸ்கோவின் தென்மேற்கு ஓரத்துக் குடியிருப்பு. 1984 வரை தனி ஊர். பெயருக்குள் சூரியன் இருக்கிறது, பாவம். இஸ்மாய்லோவோ, ஓரெகோவோ ஆகியவையும் அப்படித்தான். உரால் மலைப்பகுதி நகரமான யெகாத்தரின்பூர்க்கின் உரால்மாஷ், 1933இல் தொடங்கிய கனரக இயந்திரத் தொழிற்சாலையின் பெயர். தொழிலாளர் குடியிருப்புக்கும் அதே பெயர், அங்கே வளர்ந்த பையன்களின் கும்பலுக்கும் அதே பெயர். தம்போவ் மட்டும் தலைகீழ்: கும்பல் இருந்தது லெனின்கிராதில் (இன்றைய பீட்டர்ஸ்பர்க்), பெயர் அதன் தலைவர் விளாதிமிர் குமாரினின் சொந்த மாகாணத்துடையது.

இவர்கள் யார்? பெரும்பாலும் மல்யுத்தம், குத்துச்சண்டை, பளுதூக்கல் பழகியவர்கள். இவர்களோடு ஆப்கன் போரிலிருந்து திரும்பிய சிலர். பச்சை குத்திய சிறைப்பறவைகள் வேறு வம்சம். அவர்களைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

‘வோரி வ ஸகோனே’ என்பார்கள். சட்டத்துக்கு உட்பட்ட திருடர்கள். சட்டம் என்றால் அரசின் சட்டமல்ல, திருடர்களுடையது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் சோவியத் சிறைமுகாம்களில் உருவான கூட்டம் இது. வேலை செய்யக்கூடாது, குடும்பம் கூடாது, அரசின் கையால் எதையும் வாங்கக்கூடாது. பொதுப்பணப்பெட்டிக்கு ‘ஒப்ஷாக்’ என்று பெயர். கூட்டம் போட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். முழங்காலில் நட்சத்திரம் குத்தியிருந்தால் யார் முன்னும் மண்டியிட மாட்டேன் என்று பொருள்.

இரண்டாம் உலகப்போர் இந்தக் கூட்டத்தைப் பிளந்தது. சிலர் துப்பாக்கி தூக்கி அரசுக்காகப் போரிட்டார்கள். போர் முடிந்து, பழைய தொழிலுக்குத் திரும்பி, மறுபடி முகாமுக்குள் வந்தபோது பழையவர்கள் அவர்களைச் ‘சூகா’ என்றார்கள். பெட்டை நாய் என்று அர்த்தம். 1953 வரை முகாம்களுக்குள் நடந்த அந்தக் கத்திச் சண்டையை ரஷ்யாவின் வடகிழக்கு மூலையான கொலிமாவின் முகாம்களில் கைதியாகக் கிடந்த எழுத்தாளர் வர்லாம் ஷலாமோவ் பதிவு செய்திருக்கிறார். பிடிபட்ட திருடன் முன் கத்தியை நீட்டுவார்கள். அதை முத்தமிட்டால் அவன் இனி சூகா, பழைய சட்டம் அவனுக்கு இல்லை. மறுத்தால் அடி, சாகும்வரை. நிர்வாகத்துக்கு யார் ஜெயித்தாலும் லாபம்தான். ஸ்டாலின் இறந்ததும் வந்த பொதுமன்னிப்பில் சுமார் 12 லட்சம் பேர் வெளியே வந்தார்கள். முகாமின் பாஷையும் பாட்டும் அவர்களோடு தெருவுக்கு வந்தன.

இந்தத் திருடனுக்கு வியாபாரம் கேவலம். பேட்டைப் பையன்களுக்கு வியாபாரமே எல்லாம். 1988இல் கூட்டுறவுச் சட்டம் வந்து தனியார் கடையும் உணவகமும் திறக்கப்பட்டபோது, கடன் வாங்கியவன் திருப்பித் தராவிட்டால் போய் நிற்பதற்கு உருப்படியான நீதிமன்றம் இல்லை. அந்த இடத்தில் ‘க்ரீஷா’ வந்தது. ரஷ்யமொழியில் கூரை என்று பொருள். மாதாமாதம் கூரைக்குப் பணம் கட்ட வேண்டும். வெறும் மாமூல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூரைக்காரன் உங்கள் கடனையும் வசூலித்துத் தருவான். பங்காளி ஏமாற்றினால் அவனுடைய கூரையோடு பேசுவான். இரண்டு கூரைகளும் ஊருக்கு வெளியே சந்தித்துப் பேரம் பேசுவதற்கு ‘ஸ்த்ரெல்கா’ என்று பெயர். பேரம் படியாவிட்டால் என்ன ஆகும் என்பதை யெகாத்தரின்பூர்க் கல்லறையில் பார்க்கலாம். உரால்மாஷின் எதிரிகளான ‘மையக்’ கும்பலின் மிகயில் கூச்சின் அங்கே ஆளுயரத்துக்கும் மேலான கல்லில் நிற்கிறார், கையில் மெர்சிடிஸ் சாவியோடு. காரைக் கல்லறைக்கு எடுத்துப்போக முடியாது, சாவியையாவது செதுக்கலாம் என்று நினைத்திருப்பார்கள்.

பிழைத்தவர்கள் கோட்டு போட்டுக்கொண்டார்கள். உரால்மாஷ்காரர்கள் 1999இல் ‘சமூக அரசியல் ஒன்றியம்’ என்று முறையாகப் பதிவே செய்தார்கள். ரஷ்யமொழியில் அதன் முதலெழுத்துகள் ஓ, பே, எஸ். ‘ஒழுங்கமைக்கப்பட்ட குற்றக்குழுமம்’ என்ற காவல்துறைச் சொல்லுக்கும் அதே மூன்று எழுத்துகள். திமிரை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அதன் தலைவர் அலெக்சாந்தர் கபாரோவ் நகரமன்ற உறுப்பினரும் ஆனார். 2005 ஜனவரியில் விசாரணைச் சிறையில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார். 1994 துப்பாக்கிச் சூட்டில் ஒரு கையை இழந்து உயிர்தப்பிய குமாரின், பிறகு பீட்டர்ஸ்பர்க்கின் எரிபொருள் நிறுவனமொன்றின் துணைத்தலைவராக இருந்தார், 2007இல் கைதானார். சோல்ன்ட்சேவோவின் தலைவர் எனப்பட்ட செர்கேய் மிகாய்லோவ் 1996இல் ஜெனீவாவில் பிடிபட்டு இரண்டாண்டு சிறையில் இருந்தார். 1998இல் நடுவர் குழு அவரை விடுவித்தது.

இப்போது உங்கள் நண்பரின் கால்பங்கு. கும்பல்களைத் தொடங்கியவர்கள் உளவுத்துறையினர் அல்ல. ஆனால் தொண்ணூறுகளின் பிற்பாதியில், காக்கிக்காரரும் உளவுத்துறையினரும் கூரை விற்கத் தொடங்கினார்கள். அதற்குச் ‘சிவப்புக் கூரை’ என்று பெயர். கைத்துப்பாக்கியோடு வருபவனைவிட, கைதுசெய்யும் அதிகாரத்தோடு வருபவனுக்குக் கடைக்காரர் பணம் கட்டுவார் இல்லையா?

பச்சை குத்திய பழைய திருடர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பேர்போன யப்போன்சிக், அதாவது வியாச்செஸ்லாவ் இவான்கோவ், 2009இலும் தாத்தா ஹசன் எனப்பட்ட அஸ்லான் உசோயான் 2013 ஜனவரியிலும் மாஸ்கோவில் உணவகங்களின் அருகே மறைந்திருந்தவர்களின் குண்டுக்கு இரையானார்கள். அவர்களில் பலருக்குத் தாயகமான ஜார்ஜியா 2005இல் ஒரு சட்டம் போட்டது: வோராக (‘வோரி’யின் ஒருமை) இருப்பதே குற்றம். ரஷ்யாவும் 2019இல் ஏறக்குறைய அதையே செய்தது. திருடர் சட்டப்படி ஒரு வோர் தன் பட்டத்தை மறுக்கவே கூடாது. ஆக, ஜார்ஜியப் போலீசுக்கு வேலை சுலபமாகிவிட்டது. பிடித்து வைத்து, நீ வோரா என்று கேட்டால் போதும். ஆமாம் என்றால் சிறை. இல்லை என்றால் பட்டம் போயிற்று. பலர் கேள்வி வருவதற்கு முன்பே எல்லை தாண்டி மாஸ்கோவுக்குப் போய்விட்டார்கள்.