பால் கவரும் பக்கெட்டும் ஒரே பிளாஸ்டிக்கா?

கேள்வி: பால் கவர், பக்கெட் ரெண்டுமே பாலிஎத்திலீன்தான்னு என் பையன் சொல்றான். அப்புறம் ஏங்க ஒண்ணு தொளதொளன்னு இருக்கு, இன்னொண்ணு விறைப்பா இருக்கு?

பதில்: பையன் சொல்றது சரிதாங்க. கனம் ஒரு காரணம்தான், ஆனா அசல் விஷயம் உள்ள இருக்குற மூலக்கூறு சங்கிலியோட வடிவத்துல இருக்கு. பால் கவர்ல பெரும்பாலும் கிளை விட்ட சங்கிலிங்க, முள்ளுச்செடியை அடுக்கப் பாத்தா எப்படி நெருங்கி உக்காராதோ அதே கதைதான், நடுவுல இடைவெளி விழும், பிடிப்பு கம்மி, அதான் வளையுது. பக்கெட்டுக்கு எடுக்குற ஹெச்டிபிஇ-ல (அடர்த்தி அதிகமான பாலிஎத்திலீன்) கிளையே ரொம்ப கம்மி, விளக்குமாத்துக் குச்சி மாதிரி நெருக்கமா அடுக்கா உக்காந்து படிகமாயிடும், அதனால விறைப்பு.

முதல் வகை 1933-ல இங்கிலாந்துல அதிக அழுத்தத்துல தற்செயலா கிடைச்சது. கிளை இல்லாததை கம்மி அழுத்தத்துலயே செய்யற வழியை 1953-ல ஜெர்மனியில கார்ல் சீக்லர்ங்கிற வேதியியல் விஞ்ஞானி கண்டுபிடிச்சார், அதுக்கு 1963-ல நோபலும் வாங்கினார்.

வீட்லயே ஒண்ணு பண்ணிப் பாருங்க, கழுவின பால் கவர்ல விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி மெதுவா இழுங்க, முதல்ல ஈஸியா நீண்டுக்கிட்டே போகும், அப்புறம் திடீர்னு கெட்டியாகி விரலை அறுக்குற மாதிரி நிக்கும், ஏன்னா சிக்குண்டு கிடந்த சங்கிலியெல்லாம் இழுத்த பக்கமா நேராயிடுச்சு. எனக்கு இன்னைக்கும் இதைப் பாத்தா ஆச்சரியம்தான். இதே சங்கிலியை ரொம்ப ரொம்ப நீளமா வளத்தா தேய்மானத்தை நல்லா தாங்கும், மூட்டு மாற்று ஆபரேஷன்ல வைக்கிற பிளாஸ்டிக் அதுதாங்க.