மான் கலையாமல் மறைவு அமைப்பது: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் புதிதாகப் போன மாப்பிள்ளைக்கு

மாப்பிள்ளை, கூட வேலை செய்பவரின் அப்பா தம் பண்ணையில் வேட்டைக்கு இடம் கொடுத்திருக்கிறார், உள்ளே மறைந்து உட்கார மடக்குக் கூடாரமும் வாங்கிவிட்டேன், ஆனால் இடம் பார்க்கப் போகும்போதெல்லாம் மான்கள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகின்றன, அவற்றைக் கலைக்காமல் மறைவை எப்படி நிறுத்துவது என்று கேட்டிருக்கிறாய். கூடாரத்தைப் பற்றிக் கவலைப்படாதே. நிலத்தில் புதிதாக ஒன்று நிற்பதைச் சில வாரங்களில் மான் பழகிக்கொள்ளும். படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மனித வாடை வந்து வந்து போவதை மட்டும் அது பொறுக்காது. இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால் பகலில் அந்தப் பக்கமே வராமல் இரவு நடமாட்டத்துக்கு மாறிவிடும். ஆகவே நீ போய்வரும் வழியைத்தான் முதலில் அமைக்க வேண்டும்.

ஆடிப்பெருக்குக்கு வந்தவன் இன்னும் பென்னாகரத்தில்தான் இருக்கிறேன். உன் அம்மா சந்தையில் என்னைப் பார்த்ததும், "தம்பி, பையன் மான் வேட்டைக்குப் போகிறானாமே, பிடித்து உள்ளே போட்டுவிட மாட்டார்களா?" என்று கண் கலங்கிவிட்டார். அக்கா பயந்ததில் தவறே இல்லை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானையோ கடமானையோ வேட்டையாடினால் சிறைதான். நம் கிருஷ்ணகிரி, தருமபுரிக் காடுகளில் 2014இல் காவிரி வடக்குச் சரணாலயமும் 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. இங்கே அந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. அங்கே நிலைமை வேறு. வெள்ளைவால் மான் பெருகிக் கிடக்கிறது, மக்காச்சோளத்தையும் சோயாவையும் தின்று கொழுக்கிறது, சாலையில் கார்களில் மோதுகிறது. அரசே உரிமமும் பருவமும் வைத்து அதன் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கிறது. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வாங்கும் வரி 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி காட்டுயிர்ப் பராமரிப்புக்கே போகிறது. இதையெல்லாம் சொன்ன பிறகுதான் அக்கா கொஞ்சம் தெளிந்தார்.

ஆனால் உன் பக்கம் சட்டம் சரியாக இருக்கிறதா? எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. உரிமம் கைக்கு வரும் முன் நண்பரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பழகக்கூட வேண்டாம். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேள். விசாவைப் பணயம் வைக்கும் அளவுக்கு எந்த மானும் பெரிதல்ல. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பது விஸ்கான்சின் விதி. அதை இந்த மாதமே முடித்துவிடு.

இனி மறைவுக்கு வருவோம். விஸ்கான்சினில் வில் வேட்டை செப்டம்பர் நடுவில் தொடங்கும். ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் நவம்பரில், நன்றி நவிலும் நாள் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். கூடாரத்தை இப்போதே, ஆகஸ்டிலேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு முன் வீட்டுக் கொல்லையில் சில நாள் விரித்து வைத்து, கடைத் துணியின் ரசாயன வாடை போகும்வரை வெயிலும் மழையும் படவிடு. அப்படியே பத்து முறை விரித்து மடக்கிப் பழகிக்கொள். கம்பிகள் படபடவென்று விரியும் சத்தத்தைப் பண்ணைக்குள் போய் முதன்முதலாகக் கேட்கக் கூடாது.

இடம் தேர்வதில் எல்லாமே காற்றுதான். மானுக்குக் கண்ணைவிட மூக்கு பெரிது. அது எங்கே படுக்கிறது, எங்கே மேய்கிறது, இரண்டுக்கும் நடுவில் எந்தத் தடத்தில் நடக்கிறது என்று பண்ணைக்காரரிடமே கேள். அறுவடை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் பார்த்தவருக்குத் தெரியாததை நீ நடந்து நடந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. படுக்கும் புதருக்குள் கால் வைக்கவே வைக்காதே. அந்தப் பருவத்தில் அங்கே பெரும்பாலும் எந்தத் திசையிலிருந்து காற்று வீசும் என்று பார்த்து, மான் வரும் பக்கத்திலிருந்து உன் பக்கம் காற்று வரும்படி உட்கார். மேட்டு நிலமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. காலையில் வெயில் ஏற ஏற காற்று சரிவில் மேலே ஏறும், மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். பள்ளத்தில் மேயும் மானுக்கு மேலே மாலையில் நீ உட்கார்ந்தால், காற்றே வீசாவிட்டாலும் உன் வாடை இறங்கி அதனிடம் போய்விடும். காலைக்கு ஓர் இடம், மாலைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்பவர்கள் இதனால்தான் அப்படிச் செய்கிறார்கள். காற்று தவறான நாளில் வீட்டிலேயே இரு. ஆசையாகத்தான் இருக்கும், தெரியும். ஆனாலும் போகாதே.

நம் ஊரில் கேழ்வரகுக் கொல்லைக்குக் காவல் இருப்பவர் பரணில் ஏறித் தகரத்தைத் தட்டுவார், டார்ச் அடிப்பார், கூச்சல் போடுவார். யானையும் பன்றியும் அவர் இருப்பதை அறிய வேண்டும், அறிந்து விலக வேண்டும். அஞ்செட்டி, தளிப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள். உனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

கூடாரத்தை நிறுத்தப் போகும் நேரம் நண்பகலையொட்டி, பத்து மணிக்கு மேல் இரண்டு மணிக்குள் இருக்கட்டும். மான்கள் அப்போது பெரும்பாலும் படுத்திருக்கும். மழை வருவதற்குச் சற்று முன் போனால் இன்னும் நல்லது, உன் கால்தட வாடையை மழை கழுவிவிடும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள். கிளை வெட்டுவது, முளை அடிப்பது, தரையைச் சுத்தம் செய்வது எல்லாம் அந்த ஒரே நடையில் முடியட்டும். மறந்துவிட்டேன் என்று மறுநாள் திரும்பிப் போகாதே.

திறந்த வெளியின் நடுவில் வைக்காமல் மரங்களை முதுகுக்குக் கொடுத்து வை. வானத்தின் பின்னணியில் கூரை தனியாகத் தெரிந்தால் மான் நின்று பார்க்கும். அங்கேயே கிடைக்கும் கிளை, நாணல், சோளத்தட்டையைக் கொண்டு விளிம்புகளை உடைத்து மூடு. உள்ளே தரையில் சருகு ஒன்றுகூட இல்லாமல் மண் தெரியும்வரை பெருக்கிவிடு. நாற்காலி கிரீச்சிடாமல் இருக்க வேண்டும். ஜன்னல்களில் மான் வரும் பக்கத்தை மட்டும் திற. எதிரெதிரே இரண்டையும் திறந்தால் வெளிச்சம் ஊடுருவி உன் உருவம் அப்படியே தெரியும். முகத்தையும் கையையும் கறுப்பில் மூடிக்கொள். துப்பாக்கிப் பருவத்தில் ஒளிரும் ஆரஞ்சு அல்லது ஒளிரும் இளஞ்சிவப்பு உடை கட்டாயம். ஆரஞ்சு போட்டுக்கொள், அதற்காக அஞ்சாதே. மானின் கண்ணுக்கு ஆரஞ்சும் சிவப்பும் எடுபடாது. நீலமும் புற ஊதாவும்தான் தெளிவாகத் தெரியும். அதனால் துணியை அந்த ஒளியில் மின்னவைக்கும், வெண்மை கூட்டும் சோப்புத்தூளில் வேட்டை உடையைத் துவைக்காதே. அரசு நிலத்தில் கூடாரத்தின் மேலும் எல்லாப் பக்கமும் தெரியும்படி 144 சதுர அங்குல ஆரஞ்சோ அந்த இளஞ்சிவப்போ வைக்கச் சொல்கிறது விதி. தனியார் பண்ணையானாலும் நீ வை. பக்கத்து நிலத்தில் சுடுபவர் கண்ணுக்கு நீ தெரிய வேண்டும்.

தீனி போட்டு இழுக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். மான்களை மெலியவைத்துக் கொல்லும் நோய் 2002இல் அங்கே கண்டறியப்பட்டதிலிருந்து பல மாவட்டங்களில் தீனி வைப்பதே குற்றம். வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, வெளியே வருவது. பலரும் உள்ளே போவதில் காட்டும் கவனத்தை இதில் காட்டுவதில்லை. மாலை இருட்டியதும் உன் எதிரே வயலில் மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். அப்போது கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து நீ எழுந்து வந்தால், செருமிக்கொண்டு ஓடும் ஒவ்வொரு மானும் அந்தக் கூடாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே பேசி, சுடும் நேரம் முடிந்து நீ துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்த பிறகு, அவர் தம் டிராக்டரிலோ டிரக்கிலோ வயலோரமாக வந்து உன்னை ஏற்றிக்கொள்ளும்படி ஏற்பாடு செய். தினமும் பார்க்கும் வண்டி என்பதால் மான்கள் சற்று விலகி நிற்கும், அவ்வளவுதான். அவரால் வர முடியாத நாளில் ஓடைக்கரையின் மறைவில் சுற்றி வரும் வழி இருக்கிறதா என்று பார். பண்ணையின் வரைபடத்தில் படுக்கை, மேய்ச்சல், ஓடை, வண்டிப்பாதை நான்கையும் குறித்து எனக்கு அனுப்பு. அடுத்த வாரம் கிளம்புவதற்குள் பார்த்துச் சொல்கிறேன்.