17ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் பாதிரியார்கள் பெரும்பாலும் குடிகாரர்கள்தானா? 278 பேர் பதவி நீக்கப்பட்டார்களாமே?

278 என்ற எண் சரிதான், ஆனால் அத்தனை பேரும் குடியால் போனவர்கள் இல்லை.

நாடாளுமன்றத்தோடு நடந்த உள்நாட்டுப் போரில் தோற்ற இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டி ஒரு வருடம் ஆன நிலையில், 1650இல் நாடாளுமன்றம் பாதிரியார்களை விசாரித்து நீக்க வேல்ஸுக்கென்று ஒரு தனிச் சட்டம் போட்டது. ஒருவரைப் பதவியிலிருந்து தூக்க, குடி மட்டுமல்ல, வெல்ஷ் மொழியில் பிரசங்கிக்கத் தெரியாதது, ஒரே ஆள் பல பங்குகளை (ஒரு பாதிரியாரின் பொறுப்பில் இருக்கும் ஊர்ச் சபைகளை) வைத்திருந்தது, தடை செய்த ஜெபப் புத்தகத்தை விடாமல் பயன்படுத்தியது, மன்னர் பக்கம் நின்றது என எது வேண்டுமானாலும் காரணமாகலாம். கவிஞர் ஹென்றி வானின் இரட்டைச் சகோதரர் தாமஸ் வான் மீது வந்த குற்றச்சாட்டையே பாருங்களேன்: குடிகாரர், பிரசங்கம் செய்யாதவர், அப்புறம் நாடாளுமன்றத்துக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர். கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான காரணம் என்பது என் எண்ணம்.

பல பங்குகளை வைத்திருந்ததும் எப்போதும் பேராசை இல்லை. முந்தைய நூற்றாண்டில் மடங்களை மூடியபோது அவற்றுக்குப் போன தசமபாகத்தில் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் திருச்சபைக்குக் கொடுக்கும் வரி) பெரும்பகுதி நிலச்சுவான்தார்கள் கைக்குப் போய்விட்டது, ஒரு பங்கின் வருமானத்தில் குடும்பம் நடத்துவது பலருக்குக் கஷ்டம். நீக்கியவர்களுக்குப் பதில் போட ஆளும் கிடைக்கவில்லை, அதனால் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிப்பவர்களை வைத்துச் சமாளித்தார்கள். நீக்கப்பட்டவர்களின் மனைவி மக்களுக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை கொடுக்கலாம் என்று சட்டத்தில் இருந்தது, அந்த அளவுக்காவது மனசு இருந்ததே.

குடி என்றதும் வேல்ஸ்காரர்கள் சொல்லும் கதை லான்டவரி பாதிரியார் ரீஸ் பிரிச்சர்டுடையது. இளவயதில் மொடாக்குடியராம். ஒருநாள் மதுக்கடையில் ஒரு ஆட்டுக்கு பீர் ஊற்றிக் கொடுக்க, அது தள்ளாடி விழுந்ததாம், மறுநாள் எவ்வளவு கெஞ்சியும் வாய் வைக்கவில்லையாம், ஆட்டுக்கு இருக்கும் புத்திகூட நமக்கு இல்லையே என்று அன்றோடு விட்டாராம். கட்டுக்கதையாகத்தான் இருக்கும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்காக நாட்டுப்பாடல் மெட்டில் அவர் கட்டிய வெல்ஷ் பாடல்கள் நிஜம். 1630இல் ஐந்து ஷில்லிங் விலையில் சின்ன பைபிள் வந்தபோது, சட்டையை விற்றாவது வாங்கு என்று பாடினார்.

அவர் மன்னர் பக்கத்து ஆள், 1644இல் இறந்தார். அந்தப் பாடல்களைத் தேடிச் சேர்த்து 1658 முதல் அச்சில் கொண்டுவந்தவரோ எதிர்த்தரப்புப் பியூரிட்டன் (திருச்சபையை இன்னும் சீர்திருத்த விரும்பிய கண்டிப்பான புராட்டஸ்டன்ட்) ஸ்டீஃபன் ஹியூஸ். மன்னராட்சி திரும்பியதும் அவருக்கும் பதவி போனது, இந்தத் தடவை நீக்கியது மன்னர் தரப்பு.