விழுந்த லேப்டாப் எழவில்லையா? பவர் பட்டனிலிருந்து கையை எடுங்கள்

கேள்வி: கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கும் என் மகளின் லேப்டாப் கட்டிலிலிருந்து தரையில் விழுந்துவிட்டது. விழும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு மூலை நசுங்கியிருக்கிறதே தவிர வேறு உடைசல் இல்லை. சார்ஜர் போட்டால் லேப்டாப்பின் ஓரத்தில் உள்ள சின்ன விளக்கு எரிகிறது. பவர் பட்டனை அழுத்தினால் விசிறி இரண்டு மூன்று விநாடி சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. திரை கறுப்பாகவே இருக்கிறது. பக்கத்துக் கடையில் திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போச்சு, 15,000 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். ப்ராஜெக்ட் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. என்ன செய்வது? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஓரத்து விளக்கு எரிகிறது, அதனால் சார்ஜரும் அதைச் செருகும் துளையும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன. விசிறி சுற்றுகிறது, அதனால் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முக்கிய போர்டான மதர்போர்டுக்கு மின்சாரம் போகிறது. அது எழுந்திருக்கப் பார்க்கிறது, எதையோ தேடுகிறது, கிடைக்காமல் திரும்பப் படுத்துக்கொள்கிறது. அந்த 'எதையோ' பல சமயம் ரேம்தான், அதாவது வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். மதர்போர்டாகவே இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் மூடியைக் கழற்றாமல் அதைச் சொல்வது, நாடி பிடிக்காமல் மாத்திரை எழுதுகிற மாதிரி.

அதற்கு முன்னால் ஒன்று. "இப்போதாவது வருகிறதா பார்ப்போம்" என்று பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். லேப்டாப் வேறு, அதற்குள் இருக்கும் ப்ராஜெக்ட் வேறு. லேப்டாப் போனால் இன்னொன்று வாங்கலாம். அதனால் முதலில், உள்ளே கோப்புகளைச் சேமித்து வைக்கும் பாகம் ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்று தெரிந்துகொள்ளுங்கள். வாங்கிய பில்லில் அல்லது பெட்டி மேல் இருக்கும்.

ஹார்ட் டிஸ்க் என்றால் கவலைப்பட வேண்டும். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். அதைப் படிக்கிற முனை தட்டைத் தொடாமல், தலைமுடித் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் அந்த முனை தட்டில் மோதிவிடலாம். மோதிய பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் கீறல் மேல் கீறல். 'டக், டக்' என்று சீராகச் சத்தம் கேட்டால் அதுதான் அறிகுறி. அப்படி ஒரு டிஸ்க்கை ஒரு கல்யாண போட்டோகிராபர் என்னிடம் கொண்டுவந்தார். ராத்திரி முழுக்க ஆன் செய்து ஆன் செய்து பார்த்திருக்கிறார். காலையில் என்னிடம் வரும்போது தட்டில் மீட்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. அந்தச் சத்தம் வந்தால் தரவு மீட்பு செய்பவரிடம் நேராகப் போய்விடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஈரம் இறங்கி இருப்பதும் போகும்.

எஸ்எஸ்டி என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். சுற்றுகிற பாகம் எதுவும் அதில் கிடையாது. கட்டில் உயரத்திலிருந்து விழுந்ததற்கு அதிலுள்ள தரவு அழிவது அபூர்வம். மதர்போர்டு நிஜமாகவே போயிருந்தாலும் எஸ்எஸ்டியைத் தனியாகக் கழற்றி, ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் செருகி எடுத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டி இணைப்பில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. பெட்டி வாங்கும்போது உங்களுடையது எது என்று கேட்டு வாங்குங்கள். மாற்றி வாங்கினால் உள்ளே பொருந்தினாலும் வேலை செய்யாது. சில மெலிந்த மாடல்களிலும் இப்போது வரும் மேக்புக்குகளிலும் சேமிப்புச் சில்லு போர்டோடு பற்றவைத்தே வருகிறது. அவற்றில் இந்த வழி கிடையாது.

அப்புறம் பேட்டரி. லேப்டாப்பை மூடி, மேசை மேல் வைத்து, கண் மட்டத்தில் குனிந்து பாருங்கள். அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, மேசையில் ஆடுகிறதா, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? இனிப்பு கலந்த கெமிக்கல் வாடை வருகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, துணி, காகிதம், மெத்தை இல்லாத இடத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். அடிபட்ட லித்தியம் பேட்டரியோடு வீட்டில் விளையாடக் கூடாது. கீழே சொல்லப்போகும் எதையும் அந்த லேப்டாப்பில் செய்ய வேண்டாம்.

பேட்டரி சரியாக இருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரைப் போட்டு ஒருமுறை, ஒரே ஒருமுறை, ஆன் செய்யுங்கள். இதிலேயே எழுந்துவிடுகிற லேப்டாப்புகளும் உண்டு. எழவில்லை என்றால் எந்த விளக்கு எப்படிச் சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். அது சும்மா சிமிட்டுவதில்லை, வியாதியைச் சொல்கிறது. அண்மைக் கால டெல் லேப்டாப்புகள் பலவற்றில் ஆரஞ்சு இரண்டு முறை, வெள்ளை மூன்று முறை என்றால் ரேம் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். எச்பியில் கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டும். மாடல் பெயரோடு தேடினால் நிறுவனத்தின் பட்டியலே கிடைக்கும்.

வாரண்டி இன்னும் இருக்கிறதா? அப்படியானால் திறக்க வேண்டாம், சர்வீஸ் சென்டருக்கே போங்கள். கீழே விழுந்ததற்குச் சாதாரண வாரண்டி பொருந்தாது. விபத்துப் பாதுகாப்பு என்று தனியாகக் காசு கட்டியிருந்தால்தான் உண்டு. பலர் அதை வாங்கும்போது கட்டிவிட்டு மறந்திருப்பார்கள், பில்லைப் பாருங்கள்.

வாரண்டி முடிந்திருந்தால், கை நடுங்காதவர் ஒருவர் வீட்டில் இருந்தால், ரேமைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதே இடத்தில் செலோடேப் போட்டு ஒட்டுங்கள். ஸ்க்ரூக்களின் நீளம் ஒன்றுக்கொன்று வேறு. குட்டை ஸ்க்ரூ இடத்தில் நீளமானதைத் திருகி, உள்ளே போர்டைக் குத்திவிட்ட லேப்டாப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லையா? ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். மூடியைப் பிரிக்கக் கத்தி வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு போதும்.

திறந்ததும் முதல் வேலை, பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் முனையைப் பிடித்து எடுங்கள். உடம்பில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் போக ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேமின் இரண்டு பக்கமும் இருக்கும் கம்பிக் கொக்கிகளை வெளிப்பக்கமாகத் தள்ளினால் அது தானாகச் சாய்வாக எழும்பி நிற்கும். அதே சாய்வில் வெளியே உருவுங்கள். தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, அதே சாய்வில் திரும்பச் செருகி, கீழே அழுத்துங்கள். 'டிக்' என்று இரண்டு பக்கமும் கொக்கி விழ வேண்டும். தங்கப் பட்டை வெளியே நிறையத் தெரிந்தால் இன்னும் முழுதாகப் போகவில்லை. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, பிறகு மற்றதை மட்டும் போட்டுப் பாருங்கள். திரும்ப ஆன் செய்யும்போது திரை ஒரு நிமிடம் அல்லது அதற்கு மேலும் கறுப்பாகவே இருக்கலாம். ரேமை அது புதிதாகப் பழகிக்கொள்கிறது. பதறி அணைத்துவிடாதீர்கள்.

உங்கள் பிரச்சினை அது இல்லை என்றாலும், இதைப் படிக்கிற வேறு சிலருக்காக: விசிறி நிற்காமல் ஓடுகிறது, திரைதான் கறுப்பு என்றால், இருட்டில் திரை மேல் சாய்வாக டார்ச் அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கோ, கீல் வழியாகப் போகும் கேபிளோதான் போயிருக்கிறது. டிவியில் எச்டிஎம்ஐ கேபிள் மாட்டிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

கடைக்குப் போக வேண்டி வந்தால் எஸ்எஸ்டியை உங்கள் கண்ணெதிரே கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். கோளாறு பார்க்க அது தேவையில்லை. மதர்போர்டு மாற்றினால் இன்னொரு சிக்கல் உண்டு. பல விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் டிரைவ் பூட்டப்பட்டே வருகிறது. அந்தப் பூட்டின் சாவி பழைய போர்டில் இருக்கும். புது போர்டு போட்டதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எஸ்எஸ்டியை வேறு கம்ப்யூட்டரில் செருகினாலும் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில், அந்த லேப்டாப்பின் பெயருக்குக் கீழே இருக்கும். போனிலிருந்தே உள்ளே போய்ப் பார்த்து, இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ப்ராஜெக்ட் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவிலும் ஏறியிருக்கிறதா என்று அதே கையோடு பார்த்துவிடட்டும்.

ஆன் செய்கிற அந்த ஒரு தடவையை போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விசிறிச் சத்தமும் விளக்கும் அதில் பதிந்திருக்கட்டும். இரண்டாவது கடையில் அதைக் காட்டி, "ரேம் கழற்றி மாட்டியாச்சு, இப்படித்தான் ஆகிறது" என்று சொல்லுங்கள். அங்கே முதலில் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார்கள் என்றால் உட்காரலாம்.